வீட்டு மொடல் ரயில்பாதை: கோளாறை வைத்து திட்டத்திலுள்ள பிழையைக் கண்டுபிடிப்பது

வெள்ளவத்தையில் கரையோர ரயில் போகும்போது எங்கள் தொடர்மாடியின் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். வீட்டுக்குள்ளும் ஒரு பாதை போட வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஆசை. கனடாவில் இருக்கும் அத்தான் ஒரு செட் அனுப்பியதும் தொடங்கிவிட்டேன். 10 அடிக்கு 9 அடி அறை அது. மூன்று தடவை கட்டிக் கழற்றினேன். இப்போது ஓடுவது நான்காவது.

ரயில் நின்றாலோ புரண்டாலோ நமது கை முதலில் எஞ்சினுக்குத்தான் போகும். எஞ்சினைத் திருப்பி, சில்லைத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பார்ப்போம். ஆனால் எனக்கு வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை, தாளில் பென்சிலால் கோடு போட்ட அன்றே உண்டாகிவிட்டவை. ஆகவே இங்கே ஒவ்வொரு கோளாறையும் அது தெரியும் விதத்தில் சொல்லி, திட்டத்தில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். பலகை வெட்டாதவர்கள் முழுவதையும் படியுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் தங்கள் கோளாறைத் தேடிப் படித்தால் போதும்.

பாதை அறைக்குள் அடங்குகிறது, ஆனால் கை எட்டவில்லை

இது எல்லாருக்கும் வரும் முதல் பிழை. ஹார்ட்வெயார் கடையில் பிளைவுட் 8 அடிக்கு 4 அடியாகக் கிடைக்கிறது. எனவே திட்டமும் தானாக 8க்கு 4 ஆகிவிடுகிறது. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கத் தண்டவாளம் 120 செ.மீ. தூரத்தில் இருக்கும். நின்றபடி வசதியாகக் கை எட்டுவது 60 செ.மீ. மட்டும்தான். குனிந்து எட்டிப் பிடித்தால் 75 செ.மீ. வரும், ஆனால் அதற்குள் முழங்கை முன்னாலிருக்கும் சிக்னல் கம்பத்தை முறித்துவிடும்.

எனது முதல் பாதையில் புரண்ட பெட்டியை எடுக்க ஒவ்வொரு தடவையும் கதிரையில் ஏற வேண்டியிருந்தது. அதோடு அம்மாவின் அலுமாரிக் கதவு பாதி மட்டுமே திறந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சேலை எடுக்க அவர் பக்கவாட்டில் நுழைவதைப் பார்த்த அன்றே அதைக் கழற்றினேன்.

திருத்தம் இதுதான். 8க்கு 4 பலகைதான் வேண்டுமென்றால், இரண்டு நீளப் பக்கங்களிலும் ஆள் நிற்க ஒன்றரை, இரண்டு அடி விட வேண்டும். எங்கள் அறைகளில் அது கஷ்டம். சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் தட்டுப்போல ஓடவிட்டு, கதவு வரும் இடத்தில் தூக்கி எடுக்கக்கூடிய ஒரு துண்டுப் பாலம் வைப்பது சிறிய அறைக்கு மிகவும் பொருந்தும். நடுவில் நீங்கள் நிற்பீர்கள், பாதை உங்களைச் சுற்றி வரும். பிளைவுட்டை நீளவாக்கில் கிழித்தால் ஒரே பலகையில் இரண்டு தட்டுகள் கிடைக்கும், மிச்சத் துண்டும் வீணாகாது.

எதை வெட்டுவதற்கும் முன் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, திட்டத்தை உண்மை அளவில் தரையில் விரியுங்கள். அதை எடுக்காமல் ஒரு வாரம் அந்த அறையில் புழங்குங்கள். கதவு, அலுமாரி, தும்புத்தடி, துணி காயப்போடும் ரேக் எல்லாம் எங்கே முட்டுகின்றன என்று அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

வளைவில் பெட்டி புரள்கிறது

முதலில் ஒரு கேள்வி: ஒரே இடத்தில் புரள்கிறதா, ஒரே பெட்டி புரள்கிறதா? எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் புரண்டால் குறை பாதையில். ஒரு பெட்டி மட்டும் எல்லா இடத்திலும் புரண்டால் அதன் சில்லுகளுக்கிடையிலான தூரத்தையும் பெட்டிகளை இணைக்கும் கொளுவியையும் பாருங்கள், அது திட்டத்தின் பிழை அல்ல. நீளமான பெட்டிகள் மட்டும் வளைவுகளில் மட்டும் புரண்டால், வளைவின் ஆரை போதவில்லை.

நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியின் நீளத்தை மூன்றால் பெருக்குங்கள். வளைவின் ஆரை அதற்குக் குறையாமல் இருந்தால் ஓட்டத்தில் தொல்லை வராது. அத்தான் அனுப்பியது எச்.ஓ., அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவு (1:87). செட்டோடு வந்த வளைவுகள் 18 அங்குல ஆரை, ஏறக்குறைய 46 செ.மீ. ஆனால் அதோடு சேர்த்து அவர் ஆசையாக வாங்கி அனுப்பிய பயணிகள் பெட்டிகள் 85 அடி நீளமான வட அமெரிக்கப் பெட்டிகளின் மொடல். ஒவ்வொன்றும் 30 செ.மீ. இருக்கும். மூன்று மடங்கு என்றால் 90 செ.மீ. ஆரை, வட்டத்தின் விட்டம் 1.8 மீட்டர். எனது 4 அடிப் பலகையில் அது எப்படி வரும்? நான் இரண்டு மாதம் தண்டவாளத்தைச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நிஜப் பாதையோடு ஒப்பிட்டால் மனம் ஆறும். மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகள் 5 செயின் ஆரை, அதாவது 100 மீட்டர் அளவு. 1:87க்குச் சுருக்கினாலும் 115 செ.மீ. வரும். 1:160க்குச் சுருக்கினால் 63 செ.மீ. ஆகவே மலைநாட்டின் அந்த இறுக்கமான வளைவுகூட எச்.ஓ.வில் எனது பலகைக்குப் பெரியது. வீட்டில் எல்லாரும் வளைவைச் சுருக்கித்தான் போடுகிறோம். எவ்வளவு சுருக்கலாம் என்பதை உங்கள் பெட்டியின் நீளம்தான் முடிவு செய்யும்.

இதற்கு மூன்று வழிகள். குட்டையான பெட்டிகள், சிறிய ஷண்டிங் எஞ்சின் என்று வண்டியை மாற்றலாம். அறையின் மூலைகளைப் பயன்படுத்தி சுவரோரப் பாதையாக்கி ஆரையைக் கூட்டலாம். அல்லது ஸ்கேலையே மாற்றலாம். நான் 1:160க்கு மாறினேன். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 9 மி.மீ., எச்.ஓ.வுக்கு அது 16.5. நமது 20 மீட்டர் பெட்டி ஒன்று 12.5 செ.மீ. ஆகிவிடும், 38 செ.மீ. ஆரை போதும். சின்னஞ்சிறு அறை உள்ளவர்களுக்கு எனது அபிப்பிராயம் தெளிவானது: ஏற்கெனவே எச்.ஓ.வில் நிறையப் பணம் போடவில்லை என்றால் 1:160ஐ எடுங்கள்.

ஆரை சரியாக இருந்தும் புரண்டால், வளைவு முடிந்த உடனேயே எதிர்ப்பக்கம் வளைகிறதா என்று பாருங்கள். பாம்பு போல வளையும் அந்த இடத்தில் அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கும், கொளுவி சில்லை இழுத்துத் தூக்கிவிடும். இரண்டு வளைவுகளுக்கும் இடையே குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை வையுங்கள். ஒரு பாதையிலிருந்து பக்கத்துப் பாதைக்கு மாறும் இடத்தில் இந்தப் பாம்பு மறைந்திருக்கும், தாளில் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பாதை பிரியும் இடத்தில் போடும் பொயின்ட்களில், கிடைக்கிற மிக நீளமானதை வாங்குங்கள்.

இரட்டைப் பாதையில் எதிரே வரும் வண்டிகள் உரசுகின்றனவா? வளைவில் பெட்டியின் நடு உட்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளி நிற்கும். நேர்ப்பாதையில் போதுமான இடைவெளி வளைவில் போதாது. மிக நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சில் முனையை ஒட்டி, கையால் தள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பலகையிலேயே கோடு விழும். சுரங்கச் சுவர், மேடை விளிம்பு, தூண் எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கு வெளியே வையுங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்று, சில்லு மட்டும் சுற்றுகிறது

எஞ்சினுக்கு பலமில்லை என்று நினைத்து அதற்குள் ஈயக்கட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஏற்றத்தை அளந்து பாருங்கள். கடுகண்ணாவைப் பக்கம் நிஜ ரயில் ஏறுவது 44க்கு 1, அதாவது 100 செ.மீ. போனால் 2.3 செ.மீ. உயரம். மொடலில் 2 சதவீதம் நிம்மதியானது, 3 சதவீதத்தில் பெட்டிகளைக் குறைக்க வேண்டிவரும். வளைவிலேயே ஏற்றமும் இருந்தால் இழுப்பு இன்னும் கூடும்.

இனி அந்தக் கணக்கை 8க்கு 4 பலகையில் போட்டுப் பார்ப்போம். 1:160இல் ஒரு பாதை மற்றதன் மேலாகப் போக, கீழ்ப் பாதைக்கு 5 செ.மீ. வெளியும் பாலத்தின் தடிப்புக்கு 1 செ.மீ.யுமாக 6 செ.மீ. உயர வேண்டும். 2.5 சதவீதத்தில் ஏற 240 செ.மீ., இறங்க 240 செ.மீ., ஏற்றம் தொடங்கி முடியும் இடங்களில் மெதுவாக வளைக்க இன்னும் அரை மீட்டர். மொத்தம் 5.3 மீட்டர். பலகையின் ஓரமாக ஒரு முழு ஓவல் போட்டாலே சுற்று 5.6 மீட்டர்தான் வரும். ஸ்டேஷன் வைக்கச் சமதரையே மிஞ்சாது! எனது இரண்டாவது பாதை இப்படித்தான் போனது. ஸ்டேஷனை ஏற்றத்தில் வைத்தேன், கழற்றி விட்ட பெட்டிகள் தாமாக உருண்டு தரையில் விழுந்தன.

மேலே ஏறும் பாதையை மட்டும் 6 செ.மீ. உயர்த்தாமல், அதை 3 செ.மீ. உயர்த்தி, கீழ்ப் பாதையை 3 செ.மீ. இறக்குங்கள். ஏற்றத்தின் நீளம் பாதியாகும். இதற்குப் பலகை முழுத் தகடாக இல்லாமல் சட்டங்களின் மேல் துண்டு துண்டாக இருக்க வேண்டும், அல்லது பிளைவுட்டுக்கு மேல் 4, 5 செ.மீ. ரெஜிபோம் போட்டு அதைக் குடைய வேண்டும். இதுவும் வேண்டாமென்றால் மேம்பாலத்தையே விட்டுவிடுங்கள். பின்னால் மலையை மட்டும் உயர்த்தி, பாதையைச் சமமாக ஓடவிட்டாலும் மலைநாட்டுத் தோற்றம் வரும்.

பவர் போட்டதும், அல்லது பொயின்ட்டை மாற்றியதும் ஷோர்ட் ஆகிறது

தண்டவாளத்தில் உளி, ஆணி எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டீர்களா? சரி, இப்போது திட்டத்தை எடுங்கள். இரண்டு கலர் பென்சில் வேண்டும். ஒரு தண்டவாளத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் தொடங்கி, பாதை முழுவதும் கையெடுக்காமல் தொடர்ந்து வரையுங்கள். எங்காவது சிவப்பு நீலத்தோடு சேர்ந்தால் அதுதான் ஷோர்ட்.

வண்டி போன திசைக்கு எதிராகத் திரும்பி வரும் எந்த இடத்திலும் இது நடக்கும். பலூன் போன்ற வளையத்தை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ஓவலின் நடுவே குறுக்காகப் போகும் ஒரு பாதையும் இதே வேலையைச் செய்யும் என்பது பலருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. எஞ்சினைத் திருப்ப வைக்கும் முக்கோணப் பாதையும் அப்படித்தான்.

வழி இருக்கிறது. திரும்பும் பகுதியின் இரண்டு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலும், பிளாஸ்டிக் இணைப்பி போட்டு மின்சாரத்தைப் பிரியுங்கள். அந்தப் பகுதி உங்கள் மிக நீளமான வண்டியை விட நீளமாக இருக்க வேண்டும். இதைத்தான் தாளிலேயே முடிவு செய்ய வேண்டும், பிறகு நீட்ட இடமிருக்காது. டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினை ஓட்டும் முறை, வைத்திருந்தால் தானாகத் திசை மாற்றும் ஒரு மொட்யூல் போதும். வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதாரண டிசி என்றால், வண்டியை உள்ளே நிறுத்தி, பொயின்ட்டையும் முதன்மைப் பாதையின் திசையையும் மாற்றிவிட்டுப் பிறகு வெளியே எடுக்கும்படி ஒரு சுவிட்ச் வேண்டும். முதல் தடவை கட்டுபவர்கள் இந்த வளையத்தை விட்டுவிடுவது நல்லது என்பேன்.

தூரத்துப் பக்கத்தில் வண்டி மெதுவாகிறது, கொன்ட்ரோலர் பக்கம் வந்ததும் பாய்கிறது

மின்சாரம் ஒரே இடத்தில்தான் ஏறுகிறது. தண்டவாள இணைப்பிகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பலகைக்குக் கீழே வீட்டு வயரிங்குக்குப் போடும் செப்புக் கம்பிகளில் இரண்டை முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு தடவை மெல்லிய கம்பியால் மேலே தண்டவாளத்துக்கு எடுத்து ஈயம் பிடியுங்கள். கம்பிக்குச் சிவப்பும் கறுப்பும் என்று நிறம் பிரித்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். டிசிசி பாதையில் இன்னொரு சோதனையும் உண்டு. பல இடங்களில் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கொன்ட்ரோலர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காத இடத்தில் கம்பி போதவில்லை.

அடப்டர் சூடாகிறது, கருகிய வாசனை வருகிறது

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் செட்களில் இது அடிக்கடி நடக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். கனடா, அமெரிக்கா 120 வோல்ட், ஜப்பான் 100 வோல்ட். அடப்டரின் பின்புறத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் பிளக் மாற்றி போட்டுச் செருகவே கூடாது, வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். பிள்ளைகள் கை வைக்கும் பொருள் இது. இதில் மட்டும் யாரும் ஊகிக்க வேண்டாம்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

கொழும்பில், அதுவும் கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இது தனிப் பாடம். இரண்டு காரணங்கள் கலந்திருக்கும்.

ஒன்று தண்டவாளத்தின் மேற்பரப்பு. உப்புக்காற்று படிந்து, மேலே ஃபேன் கொட்டும் தூசியும் சேர்ந்து, மின்சாரம் சில்லுக்கு ஏறாது. ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. பழைய செட்களில் அப்படித்தான் வரும், இங்கே ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். அதைத் துடைத்து நேரத்தை வீணாக்காமல் நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறுங்கள். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். சுத்தம் செய்ய ஐசோபுரோப்பில் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் போதும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். உப்புத்தாள் போடவே வேண்டாம், அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

மற்றது மரம். பாதை நடுவில் புடைத்து எழும்பியிருந்தால் எல்லாரும் வெயிலைக் குறை சொல்வார்கள். ஆனால் 3 மீட்டர் தண்டவாளம் 10 பாகை சூடேறினால் அரை மில்லிமீட்டர்தான் நீளும். கொழும்பில் ஒரே அறைக்குள் அதைவிடப் பெரிய வித்தியாசம் அரிது. மரம்தான் ஈரத்துக்கு ஏற்ப ஊதியும் சுருங்கியும் தண்டவாளத்தை நெரிக்கிறது. இரவில் ஏசி போட்டு, பகலில் நிறுத்திவிடும் அறைகளில் இது தினமும் நடக்கும். தென்மேற்குப் பருவமழையில் எனது மூன்றாவது பாதை இப்படிப் புடைத்தது. முழு நீளத்துக்கும் இணைப்பிகளில் ஈயம் பிடித்திருந்தேன், அசைய ஒரு இடமும் விடவில்லை.

திட்டத்தில் செய்ய வேண்டியவை: குளியலறையோடு பகிரும் சுவர், மழை அடிக்கும் ஜன்னல், ஏசிப் பெட்டிக்கு நேர்கீழ் ஆகிய மூன்று இடங்களையும் தவிருங்கள். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், மாலை வெயில் பிளாஸ்டிக் கட்டடங்களை வளைத்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ஈரத்தில் பாண் போல ஊதும், ஆகவே பிளைவுட்டையே எடுங்கள். வெட்டிய விளிம்புகள், அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை ஒரு பக்கமாக வளையும். சில இணைப்புகளில் ஈயம் பிடிக்காமல் தாள் தடிப்புக்கு இடைவெளி விடுங்கள், அந்த இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கம்பி கொடுங்கள்.

சுரங்கத்துக்குள் போன வண்டி வெளியே வரவில்லை

சுரங்கத்துக்குள் பொயின்ட் வைத்திருந்தால் அதை வெளியே கொண்டுவாருங்கள். மலையின் மேல்பாகம் மூடிபோலக் கழன்று வர வேண்டும், அல்லது பின்பக்கம் கை நுழையும் அளவு வாசல் வேண்டும். நமது வீடுகளில் பல்லியும் எறும்பும் இப்படி இருட்டான இடத்தைத் தேடி வரும். எங்கள் சுரங்கத்தில் பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது. அவை பொரிக்கும்வரை மகள் அந்தப் பாதையை மூடி வைக்கச் சொன்னாள், மூடி வைத்தோம். பிறகு இரண்டு வாயிலுக்கும் ஓட்டாத நேரத்தில் செருக அட்டை மூடி செய்துவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ஒரு மாதமாக யாரும் ஓட்டவில்லை

இதையும் கோளாறு என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்கும் காரணம் திட்டத்தில்தான் இருக்கிறது. வட்டமாகச் சுற்றுவதைத் தவிர வண்டிக்கு வேறு வேலையே இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள ஒரு லூப், சரக்குப் பெட்டிகளை விட்டுவிட்டு வர இரண்டு சைடிங், கண்ணுக்குத் தெரியாமல் வண்டிகளை நிறுத்தி வைக்க ஒரு மூலை. இந்த மூன்றும் இருந்தால் ஒரு மாலை நேரம் போவது தெரியாது.

லூப்பின் நீளம்தான் உங்கள் வண்டியின் நீளத்தை முடிவு செய்கிறது. இதை மறந்து லூப் போடுபவர்கள் அதிகம். 1:160இல் ஒரு எஞ்சினும் ஐந்து பெட்டியும் ஏறக்குறைய 75 செ.மீ. இரண்டு முனைகளிலும் பொயின்ட்டுக்கும், பக்கத்துப் பாதை வண்டி உரசாமல் விலகி நிற்கவும் சேர்த்தால் ஒரு மீட்டர் இருபது தாண்டும். இடமில்லையென்றால் பெட்டிகளை மூன்றாக்கிவிடுங்கள். மூன்று பெட்டி வண்டி சின்ன ஸ்டேஷனில் பார்க்கவும் அழகு.

எனது நான்காவது பாதையில் ஒரு சின்ன மலைநாட்டு ஸ்டேஷன், ஒரு லூப், தேயிலைப் பெட்டி ஏற்ற ஒரு சைடிங். அவ்வளவுதான். கனடா 1950களில் இலங்கைக்குக் கொடுத்த எம் 2 எஞ்சின்களைப் போல ஒன்றை நிறம் பூசி வைத்திருக்கிறேன். மகள் நேர அட்டவணை ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பதுளையிலிருந்து வரும் வண்டி லூப்பில் ஒதுங்கிய பிறகுதான் கொழும்பு வண்டியை விட வேண்டும், நான் அவசரப்பட்டால் அவள் சிக்னலை இறக்க மாட்டாள்.